சீர்வரிசையில் வந்த லேப்டாப்

ஆவூரில் அமலராணி கட்டிய புது வீட்டைப் பங்குச்சாமியார் மந்திரித்து முடித்து, பந்தலில் வந்து உட்கார்ந்து காப்பி டம்ளரைக் கையில் வாங்கிய நேரம், தெருமுனையில் வேட்டுச் சத்தம் கேட்டது. தாய்மாமன் சீர் வருகிறது என்று எல்லாரும் எழுந்து பார்த்தார்கள். முன்னால் கொட்டு, பின்னால் பழத்தட்டு, பலகாரத்தட்டு, நடுவில் தலையில் ஒரு அட்டைப்பெட்டியோடு இருதயநாதன்.

இருதயநாதன் அமலராணிக்கு ஒரே தம்பி. கட்டுமாவடியிலிருந்து புதுக்கோட்டைக்குக் குட்டியானை வண்டியில் மீன் ஏற்றுகிறவன். நாலு வருஷத்துக்கு முன்னால், அக்கா மகள் மெர்லின் சடங்குக்கு அவன் கொண்டுபோன சீர் ஒரே ஒரு எவர்சில்வர் குடம். அந்த மாதம் பார்த்துத்தான் வண்டி இன்ஜின் மண்டையைப் போட்டிருந்தது. அக்காவின் நாத்தனார் பாத்திமாமேரி அந்தக் குடத்துக்குள் குனிந்து பார்த்துவிட்டு, “உள்ள ஒண்ணுமே இல்லையேப்பா, தண்ணியாச்சும் மொண்டுட்டு வந்திருக்கலாம்ல?” என்று கேட்டாள். பந்தலே சிரித்தது. அக்கா அடுப்படிக்குள் போய் அழுதாள். சிரித்தவர்களை அவன் அன்றைக்கே மறந்துவிட்டான், அக்கா அழுததைத்தான் மறக்க முடியவில்லை. இந்தத் தடவை அவளைப் புகுந்த வீட்டார் முன்னால் தலைநிமிர வைத்தே தீருவது என்று ஒரு வருஷமாகக் கறுவிக்கொண்டிருந்தான்.

மெர்லினுக்குக் காலேஜில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைத்திருந்தது. திங்கட்கிழமை திறக்கிறார்கள். அதனால் லேப்டாப். கைமாறி வந்த சரக்குதான், ஆனாலும் நல்ல சரக்கு. கடைக்காரன் உள்ளே ஒன்றும் போடாமல் வெறும் பெட்டியாகத்தான் கொடுப்பேன் என்றான். விண்டோஸ் வேண்டுமென்றால் அதற்குத் தனியாம். இருதயநாதன் விடுவானா! இலவசமாகவே ஒன்று இருக்கிறது, யூனிக்ஸ் குடும்பம், ஃப்ரீபிஎஸ்டி என்று பேர், யாரும் இறக்கிக்கொள்ளலாம் என்று எங்கேயோ வீடியோவில் பார்த்தான். ஜெராக்ஸ் கடையில் பென் டிரைவில் ஏற்றி வாங்கினான். படகு கரைக்கு வரும்வரை கட்டுமாவடியில் சும்மாதானே கிடக்கிறோம் என்று, வண்டிக்குள் உட்கார்ந்து, அது கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லி, தெரியாத இடத்தில் எல்லாம் எண்டரைத் தட்டித் தானே போட்டு முடித்தான். நிறுவியாயிற்று, மறுபடி இயக்கு என்று திரையில் வந்தது. படகும் வந்துவிட்டது. அதோடு அணைத்துப் பெட்டியில் வைத்து ரிப்பன் கட்டிவிட்டான். மறுபடி இயக்கிப் பார்க்க வேண்டும் என்று மகராசனுக்குத் தோன்றவே இல்லை.

மைக் பிடித்திருந்தவன் செம்மல். அந்த வட்டாரத்தில் எந்த விசேஷமானாலும் அவன் தொண்டைதான். “தாய்மாமன் இருதயநாதன் அவர்கள் சீர், லேப்டாப் ஒன்று!” என்று அவன் முழங்கியதும் அக்கா முகம் மலர்ந்துவிட்டது. அதைப் பார்த்து இருதயநாதனுக்கு அங்கேயே வயிறு நிறைந்துவிட்டது.

பாத்திமாமேரி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். குவைத்திலிருக்கும் தம்பி ஃபிரெடி பேரில் அவள் கொண்டுவந்த பெரிய டிவி ஏற்கெனவே கூடத்துச் சுவரில் ஓடிக்கொண்டிருந்தது.

“போட்டுத்தான் காட்டேன் இருதயம், நாங்களும் பாக்குறோம்” என்றாள்.

“அதுக்கென்ன மதினி, பாருங்க!” என்று ரிப்பனை அவிழ்த்து, மேடை மேசையில் வைத்து, பொத்தானை அமுக்கினான். திரையில் சிவப்பாக ஒரு உருண்டை எழுந்தது. உருண்டைக்கு மேலே கூர்மையாக ரெண்டு கொம்பு.

“யேசுவே!” என்று யாரோ ஒரு அம்மா சிலுவை போட்டுக்கொண்டார். மந்திரித்த தண்ணீர் காய்வதற்குள் வீட்டுக்குள் கொம்பு வந்துவிட்டதென்று பந்தல் முழுக்க ஒரே முணுமுணுப்பு. எல்லாரும் பங்குச்சாமியாரைப் பார்த்தார்கள். அவர் காப்பியை ஒரு மடக்குக் குடித்துவிட்டு, “கொம்பு ஆட்டுக்குந்தான் இருக்கு. இன்னைக்கு அதத்தானே கொழம்பு வச்சிருக்கீங்க?” என்றார். அதோடு அந்தப் பேச்சு அடங்கியது.

அடங்கி என்ன பிரயோசனம்? கொம்பு போனதும் எழுத்து எழுத்தாக ஓடியது. ஓடி நின்றது. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்தில் லாகின் என்று ஒரே ஒரு சொல். இருதயநாதன் பேரைத் தட்டினான், கடவுச்சொல்லாக வண்டி நம்பரைத் தட்டினான். உள்ளே விட்டது. உள்ளேயும் அதே கறுப்பு. படமும் இல்லை, மௌஸ் அம்புக்குறியும் இல்லை, ஒரு இழவும் இல்லை.

பாத்திமாமேரி எழுந்து வந்து குனிந்து பார்த்தாள். “இதுலயும் உள்ள ஒண்ணும் இல்லையா?”

பந்தல் சிரித்தது. இருதயநாதனுக்குக் காது ரெண்டும் சுட்டது. அக்கா அடுப்படி வாசலில் கையில் கரண்டியோடு நின்றிருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

மெர்லின்தான் பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மேடைக்கு வந்தாள். ஃபோனில் எதையோ மளமளவென்று படித்தாள். “மாமா, ஒண்ணும் கெட்டுப்போகல. நீங்க அஸ்திவாரம் போட்டிருக்கீங்க, அது நல்லாவே இருக்கு. மேல கட்டடம் நாமதான் எழுப்பணும். டெஸ்க்டாப்பு, பிரவுசரு எல்லாத்தையும் நெட்டுல எறக்கணும். ரெண்டு ஜிபிக்கு மேல ஆகும்.”

“அம்புட்டுத்தானா? இந்தா என் ஃபோனு!” என்று நீட்டினான். அதில் அன்றைய நெட் காலி. சீர் ஊர்வலத்தைக் கட்டுமாவடி சேக்காளிகளுக்கு நேரலையாகக் காட்டியே தீர்த்திருந்தான்.

திருவரங்குளத்திலிருந்து வந்திருந்த நாகராசு, அக்கா புருஷன் ஜோசப் மச்சானோடு ஒன்றாக வேலை பார்க்கிறவர், பாவப்பட்டு எழுந்தார். “எங்கிட்ட முந்நூறு எம்பி கெடக்கும். எடுத்துக்கப்பா.” ஃபோனைச் சார்ஜர் வயரில் லேப்டாப்போடு கோத்து, மெர்லின் வாசித்த கட்டளையை இருதயநாதன் ஒற்றை விரலால் தட்டினான். வரி வரியாக ஏதேதோ இறங்க ஆரம்பித்தது. செம்மலுக்கோ கையில் மைக் இருந்தால் வாய் நிற்காது. பழக்க தோஷம், “திருவரங்குளம் நாகராசு அவர்கள், முந்நூறு எம்பி!” என்று முழங்கிவிட்டான்.

கூட்டம் ஒரு நொடி திகைத்து, பிறகு கொல்லென்று சிரித்தது. ஆனால் மைக்கில் ஒருத்தர் பேர் வந்த பிறகு மற்றவர் சும்மா உட்கார்ந்திருப்பது எந்த ஊரில் நடக்கும்? பக்கத்து நாற்காலி சிவசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தார். “அவரு முந்நூறா? எனக்கு முந்நூத்தியொண்ணு போடுறா!”

அவ்வளவுதான், மேடைக்கு முன்னால் வரிசை கட்டிவிட்டார்கள். “திருக்கோகர்ணம் பரிமளா டீச்சர், இருநூத்தியொரு எம்பி! வீட்டுக்காரர் ஜோசப்பின் பங்காளி ஜெபக்குமார், ஐநூத்தியொரு எம்பி!” ஒருத்தர் ஃபோனைக் கழற்ற, அடுத்தவர் ஃபோனைச் செருக, இறங்கினது போக மிச்சத்தை அது விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்டது. பங்குச்சாமியார்கூட “நூத்தியொண்ணு, பேர் வேணாம்” என்று ஃபோனை நீட்டினார். செம்மல், “பேர் சொல்ல விரும்பாத சாமியார்!” என்று அதையும் முழங்கினான். சமையல்காரர் எலை போட்டாச்சு என்று மூன்று தடவை கத்திப் பார்த்தார். ஒருத்தரும் அசையவில்லை.

எல்லாம் சரியாக வந்துகொண்டிருந்தபோது நின்றது.

“நூத்தி எம்பது எம்பி பாக்கி மாமா” என்றாள் மெர்லின். செம்மல் மைக்கில் மூன்று முறை கேட்டுப் பார்த்தான். யாரிடமும் இல்லை. காலையிலிருந்து ரீல்ஸ் பார்த்தவர்களிடம் மிச்சம் எங்கே இருக்கும்?

ஒரே ஒரு ஃபோன் இருந்தது. ஃபிரெடி குவைத்திலிருந்து அனுப்பியது, அளவே இல்லாத நெட். அது பாத்திமாமேரியின் மடியில் கிடந்தது. அவள் டிவிப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். எல்லாருக்கும் தெரியும், எல்லாரும் இருதயநாதனைப் பார்த்தார்கள். அவளிடம் போய்க் கையேந்துவதா? பேசாமல் வண்டியை எடுத்துக்கொண்டு கட்டுமாவடிக்கே ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தான். அப்போதுதான் அக்காவைப் பார்த்தான். அழவில்லை, ஆனால் அடுப்படிக்குள் போகப் பாதி திரும்பியிருந்தாள். மானமாவது மண்ணாவது என்று மேடையை விட்டு இறங்கினான்.

“மதினி, ஒங்க ஃபோனக் கொஞ்சம் குடுங்க.”

பாத்திமாமேரி அவனை மேலும் கீழும் பார்த்தாள். “குடுத்தா, அது யாரு சீருன்னு மைக்ல சொல்லுவான்?”

இருதயநாதன் மேடையில் அவிழ்ந்து கிடந்த ரிப்பனைத் திரும்பிப் பார்த்தான். ஒரு வருஷத்து ஆசை அந்தப் பார்வையோடு போயிற்று. “ஒங்க சீருன்னே சொல்லட்டும் மதினி. நா மனசாரச் சொல்றேன். திங்கக்கெழமை புள்ள காலேஜுக்குக் கொண்டு போகணும், அக்கா சங்கடப்படாம இருக்கணும். எனக்கு அது போதும்.”

பாத்திமாமேரி எழுந்து, மேடை ஏறி, தன் ஃபோனைத் தானே வயரில் செருகினாள். அவ்வளவு நேரம் நகர்ந்து நகர்ந்து வந்தது இப்போது கடகடவென்று இறங்கி முடிந்தது. மெர்லின் கடைசியாக ரெண்டு வரி வாசித்தாள், இருதயநாதன் தட்டினான். கறுப்பு விலகி, நீலமாய் ஒரு திரை விரிந்தது. கீழே வரிசையாகச் சின்னச் சின்னப் படங்கள், நடுவில் மௌஸ் அம்புக்குறி. மெர்லின், “மாமா!” என்று கத்திக்கொண்டு அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். வெளியே எவனோ மிச்சமிருந்த வேட்டையெல்லாம் கொளுத்திப் போட்டான்.

செம்மல் தொண்டையைச் செருமினான். “பெண்ணின் அத்தை பாத்திமாமேரி அவர்கள் சீர்...”

பாத்திமாமேரி மைக்கைப் பிடுங்கினாள். “கூறுகெட்டவனே, ஒழுங்காச் சொல்லு. தாய்மாமன் இருதயநாதன் சீரு, லேப்டாப்பு ஒண்ணு. எம் பேர இழுத்தே, நெட்ட அணைச்சுப்புடுவேன்.”

பந்தல் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. அடுப்படி வாசலில் நின்ற அமலராணியைப் பார்த்து மெதுவாகத்தான் பேசினாள், ஆனால் மைக் அவள் கையில்தானே இருந்தது. தெருமுனைக் குழாய் வரைக்கும் கேட்டது.

“எனக்கும் கூடப் பொறந்தவனுங்க ரெண்டு பேரு இருக்கானுங்க ராணி. டிவி கேட்டா டிவி, நகை கேட்டா நகை, எல்லாம் வாங்கிக் குடுப்பானுங்க. எனக்காக நாலு பேரு முன்னாடி இப்புடி ஒருத்தனும் தலகுனிஞ்சு நின்னதில்ல.”

குழம்பு வாளியோடு பந்திப் பக்கம் நின்றிருந்த ஜோசப், கூடப் பிறந்த அக்கா பாத்திமாமேரியை நிமிர்ந்து பார்க்க முடியாமல் வாளியைக் கீழே வைத்தார். இருதயநாதன் அவள் கையிலிருந்து மைக்கை மெல்ல வாங்கிச் செம்மலிடம் கொடுத்தான்.

“வாங்க மதினி, மொதப் பந்தியில உக்காருங்க” என்று சொல்லி, அவளுக்குத் தன் கையாலேயே எலையைத் துடைத்துப் போட்டான்.