வேனை முக்கால் சாண் உயர்த்திய கதை

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை, புகார் சொல்லப் போன இடத்தில் எனக்குக் கிடைத்தது.

ஜூன் மாதம் முழுக்கப் பக்கத்து வீட்டில் இரும்பு அறுக்கும் சத்தம். மருந்துக்கடை வேலை முடிந்து வந்து இரண்டு வரி எழுதலாம் என்று உட்கார்ந்தால் பல் கூசும். ஒரு சனிக்கிழமை பொறுக்கமுடியாமல் வேலியைத் தாண்டிப் போனேன். அந்த வீட்டு ஆர்டித் வேனுக்கு அடியில் மல்லாந்து கிடந்தாள்; பூட்ஸ் மட்டும் தெரிந்தது. அவள் தம்பி வெண்டல் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து போனைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தான். வேனுக்கு அடியில் டேப் போட்டு ஒட்டிய இன்னொரு போன் அவள் கை செய்வதையெல்லாம் அவனுக்குக் காட்டிக்கொண்டிருந்தது.

"நல்ல நேரத்துல வந்தீங்க. அந்த ஜாக்கியைக் கொஞ்சம் புடிங்க," என்றான்.

பிடித்தேன். புகார் இன்னும் என்னிடமே இருக்கிறது.

2

தொடக்கங்கள்.

"ஐடஹோவின் மலைகளில் பனி உருகத் தொடங்கியபோது—" வேண்டாம். இருபது வருஷமாக இந்த அமெரிக்க மலையூரில் இருக்கிறேன். பனி உருகுவதைப் பற்றி யாரும் உருகி நான் கேட்டதில்லை. சேறு என்பார்கள், அவ்வளவுதான்.

"விபத்துக்குப் பிறகு வெண்டலின் கண்களில் ஒரு—" அதுவும் அடித்தாயிற்று. வெண்டலின் கண்களில் ஒன்றும் இல்லை. மூக்குக் கண்ணாடியில்தான் எப்போதும் கிரீஸ் இருக்கும்.

நேராகவே சொல்கிறேன். வெண்டல் மரம் வெட்டும் கம்பெனியில் லாரி மெக்கானிக்காக இருந்தவன். ஆறு வருஷத்துக்கு முன் லாரியிலிருந்து உருண்ட மரம் ஒன்று அவனுக்கு இடுப்புக்குக் கீழே எல்லாவற்றையும் நிறுத்திவிட்டது. அவனும் கூட்டாளிகளும் செப்டம்பர்தோறும் மலைமேல் 'மூன்றாம் முகாம்' என்ற பழைய வெட்டுமுகாமில் கூடுவது வழக்கம். பீன்ஸ், பீர், லாடம் எறியும் ஆட்டம். விபத்துக்குப் பிறகு அவனுக்காகக் கூட்டத்தை ஊர்ப் பூங்காவுக்கு இறக்கினார்கள்.

"பூங்காவுக்கு எல்லாரும் சலவைச் சட்டை போட்டுட்டு வர்றானுங்க," என்று என்னிடம் சொன்னான். "என்னைப் பாத்ததும் குரலைத் தாழ்த்திப் பேசுறானுங்க. ஆறு வருஷமா ஒருத்தன்கூட என்னைத் திட்டல. அதைத்தான் தாங்க முடியல."

இந்த வசந்தத்தில் கூட்டாளி ஹார்லனுக்குப் போன் செய்தான். "இந்த வருஷம் மேலதான். நான் வந்துடறேன்." போனை வைத்த பிறகுதான் எப்படிப் போவது என்று யோசித்தான்.

அவனிடம் இருந்தது பெரிய வேன். பக்கவாட்டில் நாற்காலியை ஏற்றி இறக்கும் மின்தட்டு உண்டு. ஆனால் பின் சக்கரம் மட்டுமே இழுக்கும் வண்டி. முகாமுக்குப் போகும் கடைசி இரண்டு மைல் செங்குத்து, சரளை, ஓடை. முன் சக்கரமும் இழுத்தால்தான் கதை நடக்கும்.

இதற்கு என்ன செய்ய வேண்டும்? செத்துப்போன பிக்கப் வண்டி ஒன்றிலிருந்து முன் ஆக்சிலை, அதாவது முன் சக்கரம் இரண்டையும் இணைக்கும் அச்சை, முழுசாகக் கழற்ற வேண்டும். வேனின் முன் சக்கரங்களைத் தாங்கும் பழைய கால்களை அறுத்தெறிந்துவிட்டு அந்த ஆக்சிலைப் பட்டை வைத்துத் தொங்கவிட வேண்டும். கியர் பாக்ஸுக்குப் பின்னால், எஞ்சினின் பலத்தை முன்னுக்கும் பின்னுக்கும் பங்கு போடும் ஒரு பெட்டியைப் பொருத்த வேண்டும். அந்தப் பலத்தை ஆக்சிலுக்குக் கொண்டுபோகும் ஷாஃப்டுகளை அளவுக்கு வெட்ட வேண்டும். புது ஆக்சிலுக்கு இடம் வேண்டுமே, அதற்காக வேனையே முக்கால் சாண் உயர்த்த வேண்டும்.

நான் ஒரு பத்தியில் முடித்துவிட்டேன். ஆர்டித்துக்கு நாலு மாதம் ஆனது.

3

ஆர்டித் இதையெல்லாம் ஏன் செய்கிறாள் என்று எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது.

முதல் வரைவில் அவளைத் தியாகியாக்கியிருந்தேன். அறுபத்தொரு வயது, பள்ளிக்கூடச் சமையலறையிலிருந்து ஓய்வு, தம்பிக்காக இரும்பைத் தொட்ட கை, இத்யாதி. எழுதியதை அவளுக்கு வாய்மொழியாகச் சொல்லிக் காட்டினேன். பாதியில் நிறுத்தினாள்.

"யாரு இது, சர்ச்சுல படமா மாட்டப் போறீங்களா? நான் ஒண்ணும் அவனுக்காகப் பண்ணல. முப்பது வருஷம் முந்நூறு பிள்ளைங்களுக்கு மக்ரோனி கிண்டினவ நான். எது பண்ணினாலும் மத்தியானத்துக்குள்ள தின்னு தீத்துடுவாங்க. இதை யாராவது தின்ன முடியுமா பாருங்க!" என்று ஆக்சிலை உதைத்தாள்.

(அந்த வரைவில் வெண்டல் அவளை 'அக்கா' என்று கூப்பிட்டான். தமிழ்க் காதுக்கு அதுதான் சுகம். ஆனால் அவன் கூப்பிடுவது "ஆர்டித்!" என்றுதான், அதுவும் நாய் குரைப்பது போல. 'அக்கா'வை எடுத்துவிட்டேன். பாசம் குறைந்ததாகத் தெரியவில்லை.)

4

ஆகஸ்டில் சண்டை வந்தது. சண்டையில்லாமலே இதை முடிக்கப் பார்த்தேன். மூன்று தடவை எழுதியும் கதை சப்பென்றே இருந்தது.

ஆக்சிலைத் தாங்கும் இரும்புக் காதுகளை ஆர்டித் வேனின் அடிச்சட்டத்தில் வெல்டிங் வைத்து முடித்தாள். இரண்டு நாள் வேலை. வெண்டல் போனில் பெரிதாக்கிப் பார்த்தான்.

"இடது பக்கத்தை அறுத்துடு. மறுபடி வை."

"எதுக்கு?"

"மேல பூசின மாதிரி இருக்கு, உள்ள பிடிக்கல. மலையில விட்டுச்சுன்னா நாம ரெண்டு பேரும் ஓடையிலதான்."

"சின்னப் போன்ல பாத்துட்டு உள்ள பிடிக்கலன்னு சொல்றியா? இறங்கி வந்து பாரேன்!"

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. ஸ்பேனரைத் தூக்கி எறிந்தாள். அது என் தக்காளிச் செடிமேல் விழுந்தது. வீட்டுக்குள் போனவள் இரண்டு நாள் வெளியே வரவில்லை.

மூன்றாம் நாள் காலை வெண்டல் வாசலில் நாற்காலியை நிறுத்தி, கதவைப் பார்த்துச் சொன்னான். "ஆர்டித்! ஆறு வருஷத்துல நீ ஒருத்திதான் என்னை ஒழுங்காத் திட்டினே. வெளிய வா. இன்னும் கொஞ்சம் திட்டு."

பதில் வேனுக்கு அடியிலிருந்து வந்தது. விடிந்ததுமே பின்வாசல் வழியாகப் போய்ப் படுத்திருந்தாள்.

"சுத்தியல்ல ஒரு தட்டுத் தட்டினேன், காது கையோட வந்துடுச்சு," என்றாள். "நீ சொன்னது சரிதான். அதுதான் எரிச்சலா இருக்கு. அறுக்கற கிரைண்டரைக் குடு."

5

செப்டம்பர் இரண்டாம் சனிக்கிழமை கிளம்பினோம். ஆர்டித் ஓட்டினாள். வெண்டல் நடுவில், நாற்காலியோடு பட்டை போட்டுக் கட்டப்பட்டு. நான் பின்னால், மடியில் பீன்ஸ் பானையோடு.

இங்கே என்னிடம் இரண்டு முடிவுகள் இருந்தன.

(அ) ஓடையில் ஆக்சில் முறிகிறது. கூட்டாளிகள் இறங்கி வந்து வெண்டலைத் தோளில் தூக்கிக்கொண்டு மலையேறுகிறார்கள். கண்ணீர். இதைக் கேட்ட வெண்டல், "தோள்ல தூக்குறதா? அப்படி எழுதினா உங்க வீட்டுத் தண்ணிக் குழாயை அறுத்துடுவேன்," என்றான்.

(ஆ) வழுக்காமல் ஏறிவிடுகிறது. எல்லோரும் கைதட்டுகிறார்கள். மக்ரோனிபோல ருசியில்லாத முடிவு.

நடந்தது கிட்டத்தட்ட (ஆ)தான். ஓடையில் பின் சக்கரம் சும்மா சுற்றியது. ஆர்டித் முன் சக்கரத்தையும் இழுக்கவைக்கும் நெம்புகோலை இழுத்தாள். அடியில் 'கடக்'கென்று ஒரு சத்தம். மூக்கை யாரோ பிடித்து இழுப்பதுபோல வேன் முன்னால் எழும்பிக் கரையேறியது.

"இடது காது புடிச்சிருக்கா?" என்று கத்தினாள்.

"வாயை மூடிட்டு ஓட்டு!" என்றான் வெண்டல். கிரீஸ் படிந்த கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துக்கொண்டான். நான் பானையைப் பார்த்துக்கொண்டேன்.

6

முகாமில் ஹார்லனும் மூன்று பேரும் அழுக்குச் சட்டையோடு நின்றிருந்தார்கள். வெண்டல் பக்கவாட்டுக் கதவைத் திறந்து தட்டில் ஏறிப் பொத்தானை அழுத்தினான். தட்டு இறங்கியது, நின்றது. தரைக்கு மேலே, முக்கால் சாணில்.

வீட்டில் அவன் ஏறி இறங்குவதெல்லாம் வாசலில் கட்டிய கான்கிரீட் மேடையில்தான். அங்கே தட்டு சரியாக உட்காரும். ஆக்சில், ஷாஃப்ட், போல்ட் என்று நாலு மாதம் நூல்பிடித்துக் கணக்குப் போட்டவன், உயர்ந்த வேனிலிருந்து தான் தரையில் இறங்க வேண்டும் என்பதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

"மடையா!" என்றான் ஹார்லன். "மெக்கானிக்காம் மெக்கானிக்! உன்னை வேலைக்கு வச்ச கம்பெனி எப்படிய்யா பொழச்சுது?"

வெண்டலின் முகம் மலர்ந்ததை நான் எழுதக் கூடாது. அதெல்லாம் பழைய வரி. ஆனால் மலர்ந்தது.

நாலு பேரும் தூக்க வந்தார்கள். "கையை எடுங்கடா! மண்வெட்டி இருக்குல்ல, மண்ணைக் கொட்டி மேடு கட்டுங்க," என்றான். வெட்டத் தொடங்கினார்கள். இவன் சும்மா இருக்கமாட்டாமல் பொத்தானைத் திருப்பி அழுத்தினான். தட்டு எழும்பியது. ஹார்லனின் கண்ணும் தன் கண்ணும் நேருக்கு நேர் வந்ததும் விரலை எடுத்தான்.

"அட, உனக்கு இவ்வளவு நரைச்சிருச்சா?" என்றான். "ஆறு வருஷமா உன் பெல்ட்டைத்தான் பாத்துட்டிருந்தேன். ஒரு பீர் குடு."

ஆர்டித் எஞ்சினை அணைத்துவிட்டு வந்து, இடது காதை ஒருமுறை தடவிப் பார்த்தாள். பிறகு மற்றவர்கள் பார்க்காதபோது முன் சக்கரத்தில் சாய்ந்து நின்றுகொண்டு சிரித்தாள்.

மண்மேடு தயாராகிவிட்டது. நன்றாக மிதித்துக் கெட்டிப்படுத்தியும் விட்டார்கள். ஹார்லன் கையால் தட்டி, "இறங்குடா," என்கிறான். வெண்டல் பீரை ஒரு மடக்கு குடித்துவிட்டு, "இரு," என்கிறான்.

அவனை இறக்குவதா, இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே விட்டுவைப்பதா, எனக்கு முடிவெடுக்க மனம் வரவில்லை. பொத்தான் தட்டின் வலது கைப்பிடியில் இருக்கிறது. நீங்கள் பார்த்துச் செய்யுங்கள். நான் போய்ப் பீன்ஸைச் சூடாக்குகிறேன்.