மூன்றாவது இடத்துக்கு எந்த விமானம்

1

இந்தக் கதை என்னுடையது இல்லை. நேற்று சாயங்காலம் செகந்திராபாத்தில் ஒரு கல்யாண வரவேற்பில், பந்தியில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த லோயிஸ் சொன்னது. பிரியாணி வருவதற்கு முன் ஆரம்பித்தார், டபுள் கா மீட்டா என்ற ரொட்டி இனிப்பின் கிண்ணம் காலியாகும்போது முடித்தார். "எழுதிக்கிடுங்க. எனக்கும் எங்கண்ணனுக்கும் பேரை மட்டும் மாத்திடுங்க" என்றார். மாற்றிவிட்டேன். விமானத்தின் பெயரையும் எடுத்துவிட்டேன். அதைத் தயாரிக்கும் கம்பெனியின் வக்கீல்களுக்கு என் விலாசம் தெரிய வேண்டாம்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'மேகங்களுக்கு மேலே, பொன்னிற வெயிலில், அந்த விமானம் ஒரு'

அங்கேயே நிறுத்திவிட்டேன். இந்தக் கதையில் ஒரு விமானம்கூட நிஜமாகப் பறக்கப்போவதில்லை. எல்லாம் நடப்பது கொண்டாப்பூரில், ஒரு கட்டடத்தின் நான்காவது மாடியில்.

(பந்தியில் லோயிஸ் 'அவர்'. கதைக்குள் வந்ததும் 'அவள்' ஆகிவிடுகிறாள். எழுதுகிறவர்களின் இந்தக் கெட்ட பழக்கத்தை அவள் மன்னிக்க வேண்டும்.)

2

லோயிஸின் கம்பெனி விமான சிமுலேட்டர் செய்கிறது. வீட்டுக் கணினியில் காக்பிட்டைத் திறந்து, ஒவ்வொரு சுவிட்சையும் வரிசை தப்பாமல் போட்டு, ஹைதராபாத்திலிருந்து சென்னைக்கு நிஜமாகவே ஒன்றேகால் மணி நேரம் உட்கார்ந்து ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கானது. ஒரு விளக்கின் நிறம் மாறியிருந்தால் இரண்டு பக்கத்துக்குப் புகார் எழுதுவார்கள். லோயிஸுக்கு அவர்களைப் பிடிக்கும்.

இந்தத் தடவை எடுத்துக்கொண்ட விமானத்தில் நான்கு வகை. நூறு குட்டை. இருநூறு நடுத்தரம். முந்நூறு நெட்டை. நான்காவது கார்கோ, அதாவது இருநூறின் அதே உடம்பு, பயணிகளுக்கான ஜன்னல்களை அடைத்து, பக்கவாட்டில் சரக்கு ஏற்ற ஒரு பெரிய கதவு. நான்கையும் செய்ய ஆளும் இல்லை, நாளும் இல்லை. மூன்றுதான். நூறும் இருநூறும் முடிவாகிவிட்டன. மூன்றாவதாக முந்நூறா, கார்கோவா என்பதுதான் கேள்வி.

3

பட்டியலை முடிவு செய்கிறவன் யோகேஷ். அவனை முதல் வரைவில் எண்களைத் தவிர எதையும் பார்க்காத, சிரிக்கத் தெரியாத ஆளாக எழுதியிருந்தேன். இன்று காலை லோயிஸுக்கு அதை அனுப்பினேன். சர்ச்சுக்குக் கிளம்பும் அவசரத்திலும் பதில் வந்தது: 'யோகேஷைக் கெட்டவனாக்கிட்டீங்க. பாவம். மாத்துங்க.' கதைக்கு ஒரு முரடன் இருந்தால் வசதியாக இருந்திருக்கும். மாற்றிவிட்டேன்.

"வாங்குறவங்க போட்ட வோட்டுல முந்நூறுதானே முன்னாடி இருக்கு, லோயிஸ்?" என்றான் யோகேஷ், மீட்டிங்கில்.

"கொஞ்சம்தான். கார்கோவுக்கு இருநூறோட உடம்பே போதும். கதவும் உள்தரையும் மட்டும் புதுசு. முந்நூறுக்கு நீளம் மாறும், எடை மாறும், பறக்கிற விதமே மாறும். மூணு மாசம் கூட ஆகும்."

"ஜன்னலே இல்லாத ப்ளேனை யாரு வாங்குவாங்க?"

"ஓட்டுறவனுக்கு முன்னாடி ஜன்னல் இருக்கே. அது போதாதா?"

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் கார்கோ ஜெயித்தது.

அவள் சொன்னது அத்தனையும் உண்மை. சொல்லாமல் விட்டது ஒன்று. அவளுடைய அண்ணன் ஜோசியா பதினோரு வருஷம் அந்தக் கார்கோவை ஓட்டியவன். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு காலை, பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது வலிப்பு வந்தது. ஒரே ஒரு தடவைதான். அதோடு மருத்துவச் சான்றிதழ் போயிற்று, விமானமும் போயிற்று. இப்போது சனத்நகரில் ஒரு தொழிற்சாலைக் கிடங்குக்குப் பொறுப்பாளன். அன்றிலிருந்து விமானத்தைப் பற்றி யாரிடமும் பேச மாட்டான். குழந்தைகள் வானத்தைக் காட்டினால்கூட வேறு பேச்சுக்குப் போய்விடுவான்.

அவனுடைய விமானத்தை அவனுக்குத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று லோயிஸ் நினைத்தாள்.

4

மல்காஜ்கிரியில் ஜோசியாவின் வீடு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வாரத்துக்கான சட்டைகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான்.

"அண்ணே, உன் ப்ளேன் வருது."

"எது?"

"கார்கோ. நான்தான் சண்டை போட்டு வாங்கினேன்."

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தான். "கைக்கு, லோயி?"

"கைக்குன்னா? பதினோரு வருஷம் ஓட்டுனியே!"

"ஓட்டுனேன். போதும்ட்டி. அதுலயும் பொட்டி. இப்ப சனத்நகர்லயும் காலையில இருந்து பொட்டிதான் எண்ணுதேன். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர்லயும் பொட்டியா? நக்கோ."

[கைக்கு என்றால் ஏன், நக்கோ என்றால் வேண்டாம். திருநெல்வேலியிலிருந்து வந்து மூன்று தலைமுறையாகச் செகந்திராபாத்தில் இருக்கும் குடும்பம். பாசத்தைத் தமிழில் காட்டுவார்கள், மறுப்பதை மட்டும் இந்த ஊர்ப் பேச்சில் வைத்துக்கொள்வார்கள்.]

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். தங்கையின் முகம் போன போக்கைப் பார்த்து, பேச்சை மாற்ற, "சரி, அதுக்குப் பதிலா எதை வெட்டுனீங்க?" என்று கேட்டான்.

"முந்நூறை."

அவன் பெட்டியை எடுத்து, ஏற்கெனவே தேய்த்த காலரை மறுபடி தேய்த்தான்.

"அது நல்ல ப்ளேன்லா" என்றான். சட்டையைத் திருப்பிப் போட்டுவிட்டு, "எனக்கு முந்நூறுக்கு ட்ரெயினிங் தேதி வந்திருந்துச்சு. வலிப்பு வந்ததுக்கு முந்தின வாரம். யாருட்டயும் சொல்லல. முடிச்சிட்டுச் சொல்லலாம்னு இருந்தேன்."

லோயிஸ் தேய்த்து முடித்த சட்டைகளை அடுக்கத் தொடங்கினாள்.

"இருநூறைத் தூக்குத மாதிரி அதைத் தூக்குனா வால் ரன்வேல இடிச்சிரும். அம்புட்டு நீளம். மெதுவாத் தூக்கணும், ரொம்ப மெதுவா. எனக்குக் கை கொஞ்சம் அவசரம். அதைத்தான் கத்துக்கிடணும்னு நெனச்சிட்டு இருந்தேன்."

5

இந்த இடத்தில் எனக்கு இரண்டு முடிவுகள் தோன்றின.

ஒன்று: லோயிஸ் ஒன்றும் சொல்லாமல் விடுகிறாள். கார்கோ வெளியாகிறது, சக்கைப்போடு போடுகிறது. அண்ணன் வாழ்த்து அனுப்புகிறான். அவள் அந்த

(வேண்டாம். லோயிஸை எனக்கு இப்போது நன்றாகத் தெரியும். அவளால் சும்மா இருக்க முடியாது.)

இரண்டு: ஜோசியாவுக்குச் சான்றிதழ் திரும்பக் கிடைத்துவிடுகிறது. இதை ஒரு பக்கம்வரை எழுதினேன். எழுதும்போது சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு ஜோசியாவின் முகத்தை நினைத்துக் கிழித்துப் போட்டேன்.

நடந்தது இது. மறுநாள் லோயிஸ் நேராக யோகேஷின் மேஜைக்குப் போனாள்.

"மீட்டிங்ல நான் சொன்னது எல்லாம் உண்மை. ஆனா அதுக்காகச் சொல்லல, எங்கண்ணனுக்காகச் சொன்னேன். அதுவும் தப்பாப் போச்சு. அவனுக்கு முந்நூறுதான் வேணும்."

"கார்கோவும் உங்கண்ணனுக்கு, முந்நூறும் உங்கண்ணனுக்கா?"

"ஹவ்." ஆமாம் என்று தலையும் ஆட்டினாள்.

வேலை போகும் என்று அவள் பயப்படவில்லை. இனிமேல் தன் பேச்சை யாரும் நம்ப மாட்டார்கள் என்று பயந்தாள். பன்னிரண்டு வருஷமாகச் சேர்த்த பெயர் அது.

யோகேஷ் நாற்காலியைத் திருப்பினான். "நூறை நான் ஏன் முதல்லயே சேர்த்தேன்னு யாராச்சும் கேட்டீங்களா? நான் முதமுதல்ல ஏறின ப்ளேன் அது. ரயில்வே பாஸ் இருக்கும்போது ப்ளேன் எதுக்குடான்னு எங்கப்பா ஒரு மாசம் பேசல." பிறகு விரலை நீட்டினான். "மூணு வாரம். பெயின்ட் வேண்டாம், சீட்டு வேண்டாம், சத்தம் வேண்டாம். முந்நூறு சரியாத் தூக்குதான்னு மட்டும் காட்டுங்க. அப்புறம் பேசலாம். அதுவரைக்கும் கார்கோதான்."

6

மூன்றாவது சனிக்கிழமை, அதாவது நேற்று, ஜோசியா கொண்டாப்பூர் வந்தான். ஐந்து தடவை ஃபோனில் மறுத்தவன். "சும்மா ஆபீஸைப் பார்க்கத்தான்" என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தான். திரையில் சாம்பல் நிறத்தில், வண்ணம் பூசாத நெட்டை விமானம். சத்தமே இல்லை. வால் இடித்தால் திரையின் மூலையில் ஒரு சிவப்புக் கோடு வரும், அவ்வளவுதான்.

முதல் தடவை சிவப்பு. "சொன்னேம்லா" என்று சிரித்தான். இரண்டாவது, சிவப்பு. நான்காவது தடவை சிரிப்பு நின்றது. ஆறாவது தடவை இருக்கையை ஒரு விரல் அளவு முன்னால் இழுத்துக்கொண்டான். யோகேஷ் டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றான்.

ஏழாவது தடவை ஓடுபாதையில் விமானம் வேகம் பிடித்தது. ஜோசியா கைப்பிடியைத் தன் பக்கம் இழுக்கத் தொடங்கினான்.

"இடிச்சிதா?" என்று பந்தியில் கேட்டேன்.

"தெரியாது" என்றார் லோயிஸ். "நான் திரையைப் பார்க்கல. அவன் கையைத்தான் பார்த்துட்டு இருந்தேன். முடிச்சதும் எந்திரிச்சு, 'வா, டீ குடிப்போம்'னுட்டான். கல்யாணத்துக்கு நேரமாச்சுன்னு நான் கிளம்பிட்டேன்."

நாளை திங்கட்கிழமை. காலை பத்து மணிக்குப் பட்டியலை மூடுகிறார்கள். அந்த ஏழாவது தடவை பதிவாகியிருக்கும், யோகேஷைக் கேட்டால் சொல்லிவிடுவான். நான் கேட்கப்போவதில்லை. நூறு, இருநூறு என்று எழுதி, அடுத்த வரியைக் காலியாக விட்டிருக்கிறேன். நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள். வோட்டுப்படி நிரப்புங்கள், வேலைக் கணக்குப்படி நிரப்புங்கள், உங்கள் வீட்டில் யாரையாவது நினைத்துக்கொண்டு நிரப்பினாலும் சரி.

உங்களுக்கு உதவியாக ஒன்று மட்டும் சொல்ல முடியும். கை கழுவ எழுந்தபோது லோயிஸிடம் இன்னொன்று கேட்டேன்.

"கை எப்படி இருந்துச்சு?"

"மெதுவா" என்றார்.