மீன் கொட்டகையில் இருபது மைல்

போன மே மாதத்து மாரத்தானில் ஆர்லிஸ் பஸ் ஏறினாள். ஏறி உட்கார்ந்து வீடு வந்து சேர ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. அந்த ஒரு மணி நேரத்தைத்தான் அவள் நாத்தனார் டெலோரிஸ் அடுத்த குளிர்காலம் வரைக்கும் இழுத்துக்கொண்டிருந்தாள்.

டெலோரிஸ் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். ஓட்டப்பந்தயம் நடக்கிற அன்று மட்டும் அதே மஞ்சள் பஸ்ஸைக் கடைசி ஆளுக்குப் பின்னால் உருட்டிக்கொண்டு வருவாள். முடியாதவர்கள் ஏறிக்கொள்ளலாம். அன்று ஏறியது ஒரே ஒருத்தி. சர்ச் அடித்தளத்தில் எப்போது விருந்து நடந்தாலும், உருளைக்கிழங்கு ஒரு சுற்று வந்ததும் டெலோரிஸ் ஆரம்பித்துவிடுவாள்.

"கண்ணாடியில பாக்கறேன், நம்ம ஆர்லிஸு சிலுவை சுமக்கிற மாதிரி வரா. 'டெலோரிஸ், கதவைத் தெற'ன்னா பாரு ஒரு கத்து! கன்னு போடற மாடுகூட அவ்வளவு உருக்கமா கத்தாது."

எல்லோரும் சிரிப்பார்கள். ஆர்லிஸும் சிரிப்பாள். அந்த ஊரில் கோபித்துக்கொண்டு பந்தியிலிருந்து எழுந்துபோகிற வழக்கம் இல்லை. அதற்குப் பதிலாக இன்னொரு துண்டு ஆப்பிள் பை எடுத்துப் போட்டுக்கொள்வாள். அந்த வருஷம் அவள் நிறைய ஆப்பிள் பை சாப்பிட்டாள்.

வரப்போகிற மே மாதம் அந்த பஸ்ஸில் ஏறக்கூடாது. பந்தயம் இருபத்தாறு மைல். அதற்கு முன்னால், நடுவில் நிற்காமல் ஒரே மூச்சில் இருபது மைல் ஓடிப் பழகிவிட வேண்டும். ஓடிவிட்டால் பந்தயத்துக்குப் பெயர் கொடுப்பது. இல்லாவிட்டால் அந்தப் பேச்சையே விட்டுவிடுவது. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை, புருஷன் லவெர்னிடம் மட்டும் சொன்னாள். அதனால் ஊருக்கே தெரிந்திருந்தது.

அமெரிக்காவில், மினசோட்டாவின் அந்த வடகோடியில் நவம்பரில் வந்து உட்காருகிற பனி ஏப்ரலில்தான் எழுந்து போகும். ஜனவரியில் ஒருநாள் ரோட்டில் ஓடிப் பார்த்தாள். இமை மயிர் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. கண் தெரியாமல் போய் வழுக்கி விழுந்தாள். பின்னால் வந்த பனி வாருகிற லாரிக்காரன் கண்ணாடியை இறக்கி, "தூக்கி விடட்டுமா, வாரி ஓரமா தள்ளிட்டுப் போகட்டுமா?" என்று கேட்டான்.

அதற்குப் பிறகுதான் டிரெட்மில் வாங்கினாள். விற்றவள் அதில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாளாம், மற்றபடி புதுசு. ஆர்லிஸ் வான்கோழி ஆலையில் நாள் முழுக்க நின்றுகொண்டே கோழியை வகுந்துவிட்டு வருகிறவள். வந்ததும் பூட்ஸைக் கழற்றிவிட்டு டிரெட்மில்லில் ஏறுவாள்.

"ஆலையில பெல்ட்டு ஓடுது, நீ நிக்கிற. வீட்டுல பெல்ட்டு ஓடுது, நீயும் கூடவே ஓடற," என்றான் லவெர்ன். "ஏதாவது ஒரு பெல்ட்டை நிம்மதியா விடேன்."

அவர்கள் வீடு, சக்கரம் கழற்றி நிறுத்திவைத்த தகர வீடு. அவள் ஓடினால் அலமாரியில் தட்டுகள் கை தட்டும். நாய் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். அதையெல்லாம் லவெர்ன் பொறுத்துக்கொண்டான். பொறுக்க முடியாமல் போனது வண்டி விஷயத்தில்தான். அந்த ஊர்க் குளிரில் ராத்திரி வண்டியைச் சும்மா நிறுத்த முடியாது. எஞ்சினுக்கு ஒரு ஒயரை மாட்டி, சுவரில் சொருகி, விடியும்வரை சூடு ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒருநாள் டிரெட்மில் இழுத்த இழுப்பில் வீட்டு ஃபியூஸ் போனது. ஆர்லிஸ் சமையலறை விளக்கு வந்ததும் எல்லாம் வந்துவிட்டது என்று நினைத்துப் படுத்துவிட்டாள். வண்டி ஒயருக்கு மட்டும் கரண்ட் வரவில்லை. காலையில் வண்டி கல்லாக இருந்தது. லவெர்ன் மரம் அறுக்கிற ஆலைக்கு நடந்து போனான். நடந்தே திரும்பியும் வந்தான். மீசையிலிருந்த பனி உருகுவதற்கு முன்பே தீர்ப்பைச் சொல்லிவிட்டான்.

"ஒண்ணு அது போகணும், இல்ல நான் போகணும்."

"நீ எப்படிப் போவ? வண்டிதான் கெளம்பலையே."

லவெர்னுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் தீர்ப்பு தீர்ப்புதான். எங்கே கொண்டுபோய் வைப்பது என்று யோசித்தபோது, இருவருக்கும் தோன்றியது ஒரே இடம், ஏரி.

குளிர்காலத்தில் அந்த ஏரி உறைந்து இறுகி ரோடாகிவிடும். அதன்மேல் ஆளுக்கொரு மரக் கொட்டகையை இழுத்து வந்து நிறுத்தி, தரையில் ஓட்டை விட்டு, கீழே பனிக்கட்டியையும் துளைத்து, தூண்டில் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். லவெர்னின் கொட்டகையில் கேஸ் அடுப்பு உண்டு, வெளியே ஜெனரேட்டர் உண்டு, உள்ளே இரண்டு ஓட்டைகள். பக்கத்து வீட்டுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து டிரெட்மில்லை ஏற்றி, ஏரிமேல் வண்டியோட்டிக் கொண்டுவந்து, கதவுக்கும் ஓட்டைக்கும் நடுவே சொருகினார்கள். பீரோ இறக்குகிறவர்களைப் போல எதுவும் கேட்காமல் இறக்கிவிட்டுப் போனார்கள். அந்த ஊரில் அதுதான் மரியாதை.

ஆர்லிஸ் ஓடுவாள். அவள் காலடியில் கவிழ்த்த பக்கெட்டில் லவெர்ன் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பான். அவள் ஓடினால் தரை ஆடும், தரை ஆடினால் தக்கை ஆடும்.

"கடிக்குது! கடிக்குது!"

"கடிக்கல. நான் ஓடறேன்."

"கொஞ்சம் கடிக்கிற மாதிரி இல்லாம ஓடேன்."

ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒன்று குறுக்கே வந்தது. பெட்ரோல் தீர்ந்தது, லவெர்னுக்குப் பசித்தது, ஒருநாள் நாய் ஓட்டைக்குள் விழுந்தது. பிப்ரவரி முடியப்போகிற வரைக்கும் இருபது மைல் கைக்கு வரவில்லை.

அதற்குள் பக்கத்துக் கொட்டகை ஹார்லன் வந்தார். ஊரிலேயே மூத்த மீன்காரர். அங்கே குறை சொல்ல வருகிறவர்கள் வந்ததும் சொல்ல மாட்டார்கள். முதலில் வானிலையைச் சொல்வார்கள். சொல்ல வந்ததை, போகும்போது கதவில் கை வைத்துக்கொண்டு சொல்வார்கள்.

"குளிருதே," என்றார் ஹார்லன்.

"ஆமா, குளிருது," என்றான் லவெர்ன்.

"போன வருஷம் இதைவிட."

"ஆமா, போன வருஷம் இதைவிட."

ஹார்லன் காபி குடித்தார், குல்லாயைப் போட்டுக்கொண்டார், கதவில் கை வைத்தார். "உள்ள குதிரை கட்டியிருக்கியாப்பா? எனக்கு ரெண்டு வாரமா ஒரு பொடி மீன் மாட்டல. சனிக்கிழமை மீன்பிடி போட்டி இருக்கு. எல்லாரும் பேசினோம். போட்டிச் சங்கு ஊதறதுக்குள்ள அதை எடுத்துருங்க."

எல்லோரும் பேசிவிட்டார்கள் என்றால் முடிந்தது. டிரெட்மில்லுக்குப் போக வேறு இடமும் இல்லை. சனிக்கிழமை காலையில் ஆர்லிஸ் இருட்டோடு எழுந்து ஏரிக்குப் போனாள். சங்குக்குள் இருபது மைல் ஆகாது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் ஓடினாள். சங்கு ஊதியது. காதில் விழாத மாதிரி இன்னும் கொஞ்சம் ஓடினாள். லவெர்ன் ஸ்விட்சைப் பார்த்தான், அவள் முகத்தைப் பார்த்தான், மறுபடியும் தண்ணீரைப் பார்த்தான்.

கதவு திறந்தது. ஹார்லன் நின்றிருந்தார். அவர் முழங்கையில் ஒரு பௌட் மீன் சுற்றிக்கொண்டிருந்தது. விலாங்குக்கும் கெளுத்திக்கும் பிறந்தது போன்ற வழவழப்பு, மூஞ்சியைப் பார்த்தால் சோறு இறங்காது. அன்றைய போட்டியே அதற்குத்தான், எவனுடைய பௌட் பெரியதோ அவனுக்குப் பரிசு.

"குளிருதே," என்றார் ஹார்லன்.

"ஆமா," என்றான் லவெர்ன்.

"இதோ நிறுத்திடறேன் ஹார்லன்," என்று ஆர்லிஸ் மூச்சு வாங்கினாள். "சொன்னது சொன்னதுதான்."

ஹார்லன் மீனைக் கையிலிருந்து பிரித்தார், அது மறுபடியும் சுற்றிக்கொண்டது. கதவில் கை வைத்தார்.

"நிறுத்தாதே," என்றார்.

சத்தம் கேட்டால் ஓடிப்போகிற மீன்கள் உண்டு. பௌட் அப்படி இல்லை. எந்த வீட்டில் சண்டை நடந்தாலும் வாசலில் போய் நிற்கிற ஆளைப் போல, அடியில் கிடக்கிறது எழுந்து என்ன சத்தம் என்று பார்க்க வரும். ஆர்லிஸின் காலடி கேட்டு ஏரியின் பாதி பௌட் அந்தப் பக்கம் வந்திருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் கொட்டகையைச் சுற்றி ஓட்டை போடுகிற மிஷின்களின் இரைச்சல். குதிரை என்று சொன்ன வாயெல்லாம் இப்போது ஜன்னலில் எட்டிப் பார்த்து, "கொஞ்சம் அழுத்தி மிதி ஆர்லிஸ்!" என்றது. ஒருவன் பெட்ரோல் கொண்டுவந்தான். ஒருத்தி, ஆர்லிஸ் வீசி வீசி ஓடுகிற கையில் ரொட்டியைத் திணித்தாள்.

டெலோரிஸ் சர்ச்சுக்காகக் காபி விற்க வந்தவள். கூட்டத்தைப் பார்த்துவிட்டுச் சொந்தக்காரி உரிமையில் உள்ளேயே வந்துவிட்டாள்.

"என்னடி, எதுவரைக்கும் வந்திருக்க?" என்று டிரெட்மில்லைச் சுற்றிப் பார்த்தாள். "பொறப்பட்ட எடத்துலயேதான இருக்க! இதுக்கு பஸ்ஸே வேணாமே, நானே தோள்ல கையப் போட்டு எறக்கிடுவேன்."

ஆர்லிஸ் ஓடிக்கொண்டே இருந்தாள். பேசினால் மூச்சு போய்விடும்.

டெலோரிஸ் இரண்டாவது ஓட்டையில் தூண்டிலை விட்டாள். முதல் பரிசு ஒரு பெரிய டீப் ஃப்ரீசர். கதவைத் திறந்தால் ஊரே ஃப்ரீசராக இருக்கிற இடத்தில் அதற்கு அப்படி அடித்துக்கொண்டார்கள். டெலோரிஸுக்கு அதன்மேல் பல வருஷத்து ஆசை. சீக்கிரமே அவளுக்கும் ஒரு பௌட் மாட்டியது. தராசில் ஹார்லனுடையதற்குக் கொஞ்சம் குறைவு. திரும்பி வந்து கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு உட்கார்ந்தாள். அதற்கப்புறம் அவள் சர்ச்சுக்குக் காபி விற்கவில்லை.

மத்தியானம் ஆகிவிட்டது. ஆர்லிஸின் கால்கள் யாரோ இரவல் கொடுத்த கால்களாகிவிட்டன. போன மே மாதம் பஸ்ஸின் கதவைத் தட்டினாளே, அன்று வந்த அதே வலி அதே இடத்தில் வந்து உட்கார்ந்தது. திரையில் இன்னும் ஒரு மைலுக்குக் கொஞ்சம் மேல் பாக்கி.

"லவெர்ன்," என்றாள். "முடியல. நான் எறங்கறேன்."

"எறங்கு கண்ணு," என்றான் லவெர்ன். "போதும்."

"எறங்காதடி!" என்று டெலோரிஸ் அலறினாள். அவள் நூல் இழுபட்டுக்கொண்டிருந்தது. "இப்பதான் மோந்து பாக்குது! பெருசுடி இது, ஹார்லனோடதைவிட பெருசு! ஒரு எட்டு, இன்னொரு எட்டு!"

ஆர்லிஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப பஸ் கதையை விட்டுடு."

"எந்தக் கதை?"

"எறங்கறேன்."

"சரி சரி! விட்டுட்டேன்!" தக்கை அடங்கிக்கொண்டே வந்தது. டெலோரிஸ் ஃப்ரீசரையும் கதையையும் மனதுக்குள் தூக்கிப் பார்க்கிறது அவள் முகத்திலேயே தெரிந்தது. "ஈஸ்டர் விருந்துல மட்டும் ஒரே ஒரு தடவை? அன்னைக்கு வெளியூர்க்காரங்க வருவாங்கடி. அவங்க கேட்டதே இல்ல."

ஆர்லிஸ் ஒரு காலைத் தூக்கி ஓரத்தில் வைத்தாள்.

"சத்தியமா சொல்லல! ஓடித் தொலை!"

ஆர்லிஸ் ஓடித் தொலைத்தாள். தரை ஆடியது, தக்கை ஒரேயடியாக உள்ளே போனது. டெலோரிஸ் இழுத்தாள், லவெர்ன் அவள் இடுப்பைப் பிடித்து இழுத்தான். ஓட்டையில் பிதுங்கிக்கொண்டு வந்த பௌட் நேராக டெலோரிஸின் கையில் ஏறிச் சுற்றிக்கொண்டது. அவள் போட்ட கத்தலில் வெளியே நாய்கள் எல்லாம் குரைத்தன. மீனும் கையுமாக அவள் தராசுக்கு ஓடினாள். லவெர்ன் பின்னால் ஓடினான். ஜன்னலில் இருந்த முகங்களும் போய்விட்டன. முடிவுச் சங்கு ஊதியது.

கொட்டகையில் ஆர்லிஸ் மட்டும் இருந்தாள். ஓடு என்று சொல்ல இப்போது ஒரு நாதியும் இல்லை. இறங்கினால் கேட்கவும் யாரும் இல்லை. டெலோரிஸ் சத்தியம் பண்ணியாகிவிட்டது, கதை ஒழிந்தது, ஒருவிதத்தில் வேலையே முடிந்துவிட்டது. ஸ்விட்ச் கை எட்டுகிற தூரத்தில் இருந்தது.

ஒரு மைல்தான் பாக்கி இருந்தது. ஓட்டையில் கறுப்புத் தண்ணீர் சும்மா ஆடிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே ஓடினாள். வாய்விட்டு அழுதுகொண்டும் ஓடினாள், பார்க்க ஆள் இல்லாததால் அது சௌகரியமாக இருந்தது. திரையில் இருபது வந்தபோது ஒரு சின்னக் 'கீச்' சத்தம்கூட வரவில்லை. நம்பர் மாறியது, அவ்வளவுதான். அவள் நிறுத்தி, இறங்கி, பக்கெட்டில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகும் கொட்டகை பின்னால் போய்க்கொண்டே இருந்தது.

வெளியே ஏரி முழுக்கக் கூச்சல். லவெர்ன் உள்ளே வந்து திரையைப் பார்த்தான். தன் கோட்டைக் கழற்றி அவள்மேல் போர்த்தினான்.

"அவளுக்குத்தான் ஃப்ரீசர்," என்றான். "ஹார்லன் எல்லாரையும் கூட்டிப் பேசிட்டாரு. கொட்டகை எடுக்கிற நாள் வரைக்கும் இது இங்கயே இருக்கலாமாம். நம்ம வண்டி மறுபடியும் கெளம்பல. டெலோரிஸ் வேனுல போயிடலாம், வா."

ஆர்லிஸ் எழுந்து நின்றாள். நிற்க முடிந்தது. வெளியே டெலோரிஸ் வேனின் பக்கக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, கன்னமெல்லாம் மீன் வழவழப்போடு சிரித்துக்கொண்டிருந்தாள். பின்னால் ஃப்ரீசர் ஏறியிருந்தது.

"வாடி, ஏறு! உள்ள ஹீட்டர் போட்டிருக்கேன்."

"நான் நடந்து வரேன்," என்றாள் ஆர்லிஸ்.

"பைத்தியமா ஒனக்கு? கரை எங்க இருக்கு பாரு!"

ஆர்லிஸ் கரையைப் பார்த்தாள். தூரமாகத்தான் இருந்தது. இரவல் காலை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து ஏரிமேல் நடக்கத் தொடங்கினாள். வேன் அவள் பக்கத்திலேயே, அவள் வேகத்துக்கு, கதவு திறந்தபடி ஊர்ந்து வந்தது.

"ஆர்லிஸ், சொன்னா கேளு. யாரும் பாக்கல. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"மே மாசம் பேர் கொடுக்கப் போறேன்."

"கொடு, யார் வேணாங்கறா! இப்ப ஏறு!" ஹீட்டரின் சூடெல்லாம் ஏரிக்குப் போய்க்கொண்டிருந்தது. டெலோரிஸின் பல் அடித்துக்கொண்டது. "கால் மரத்துப்போச்சுடி எனக்கு. கதவையாவது சாத்திக்கட்டுமா?"

"சாத்திக்கோ," என்றாள் ஆர்லிஸ்.