தண்ணி காட்டுதல்

"ஏழு நாள் விடாம தண்ணி காட்டணும் மாப்ள. ஒரு வேளை காய விட்டாலும் விரிசல்தான்" என்றான் ரசமட்டம். என் சிநேகிதன், கொத்தனார். எதைப் பார்த்தாலும் தலையைச் சாய்த்து ஒரு கண்ணை மூடி மட்டம் பார்ப்பதால் அந்தப் பட்டப்பெயர். மாட்டுக்குச் சொல்வதை அவன் சிமென்டுக்குச் சொன்னான்.

என் மனைவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இவருக்குத் தண்ணி காட்டவே எனக்கு நேரம் சரியா இருக்கு. இதுல தொட்டிக்கு வேறயா?"

"நீ ஒண்ணும் காட்ட வேணாம். குடத்தைத் தொட்டே, கெட்ட கோபம் வரும்" என்றேன். எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான்.

தெருக்குழாய் எங்கள் வீட்டுக்குக் கீழே, எழுபத்திரண்டு படி இறங்க வேண்டும். அவளுக்கு இரண்டு முறை தங்கிக் கலைந்துவிட்டது. மூன்றாவதுக்கு இப்போது ஐந்தாம் மாதம். குடம், வாளி எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நான் கிரில் பட்டறையில் வெல்டர். இரும்பை வளைக்கிறவனுக்குக் கூரையில் விழும் மழையைப் பிடிக்க முடியாதா? துண்டுக் கம்பிகளைப் பற்றவைத்து ஆள் உயரத்துக்கு ஒரு கூடு செய்தேன். அதைச் சுற்றிக் கோழிவலை இரண்டு சுற்று. ரசமட்டம் உள்ளும் புறமும் கலவை அப்பினான். அவளைப் பக்கத்தில் நிற்க வைத்து, குனியாமல் கை எட்டும் உயரத்தில் குழாய் வருமாறு தொட்டியையே மேடைமேல் ஏற்றிக் கட்டினோம்.

அவன் மறுநாளே வெளியூர் வேலைக்குப் போய்விட்டான். தொட்டியைச் சுற்றிச் சணல் சாக்கு கட்டி, காலையில் ஆறு குடம், மாலையில் ஆறு குடம் நானே சுமந்து ஊற்றினேன். மூன்றாம் நாள் வெயில் மண்டையைப் பிளந்தது. மாலையில் வந்து தொட்டால், சாக்கில் பொட்டு ஈரம் இல்லை.

கத்தினேன். "பாத்துப் பாத்துக் கட்டினேன், எல்லாம் போச்சு! இதைப் பாக்க இந்த வீட்டுல ஒரு ஆள் இல்ல!"

வெயிலைத்தான் திட்டினேன். ஆனால் கேட்டுக்கொண்டு அடுப்படியில் நின்றது அவள்.

அடுத்த நாளிலிருந்து நான் வரும்போது சாக்குகள் ஈரமாகவே இருந்தன. வெயில் தணிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். நிம்மதியாகக்கூட இருந்தது. முட்டாள், வடிகட்டின முட்டாள் நான்.

ஏழாம் நாள் பகலில் பக்கத்து வீட்டம்மா பட்டறைக்குப் போன் செய்தார். நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. என் முகத்தைப் பார்த்து அவள் சிரிக்க முயன்றாள்.

"உங்களுக்கே தண்ணி காட்டிட்டேன்ல? மத்தியானம் நாலு நாலு குடம்... சின்னக் குடம்தாங்க."

அப்புறம் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இதனாலதான்னு சொல்ல முடியாதுங்க. தூக்காம இருந்திருந்தாலும் நடந்திருக்கலாம்" என்றார் நர்ஸ். நல்ல மனசு. அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? நான் கத்தினேன், அவள் தூக்கினாள்.

பத்து நாள் கழித்து மழை பிடித்தது. இரண்டே நாளில் தொட்டி தளும்பியது. அந்த வாரம் ஊர் திரும்பிய ரசமட்டம் நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வந்தான். அவனுக்கு எதுவும் தெரியாது. தொட்டியைச் சுற்றிவந்து உள்ளங்கையால் தடவினான், விரலை மடக்கித் தட்டிப் பார்த்தான், அடி மூலையில் மூக்கை வைத்துப் பார்த்தான்.

"ஒரு சொட்டு கசியல மாப்ள! சும்மா சொல்லக் கூடாது, நல்லாத் தண்ணி காட்டியிருக்கே!"

எனக்கு இப்போதே ஒரு சம்மட்டியை எடுத்து உடைத்துப் போடலாமா என்றிருந்தது.

அப்போது அவள் வெளியே வந்தாள். இடுப்பில் பெரிய குடம். தொட்டியைத் தாண்டிப் படிகளை நோக்கி நடந்தாள்.

"தொட்டி நெறைய இருக்கேம்மா, எங்க போறே?" என்றான் அவன்.

"இருக்கட்டும்ண்ணே. இப்பதான் தூக்கலாமே."

அவன் என் முகத்தைப் பார்த்தான். நான் சொல்லாமலே அவனுக்கு விளங்கிவிட்டது. செருப்பை மாட்டிக்கொண்டு போனான்.

படியின் தலைப்பில் போய் நின்றேன். அவள் ஏறி வந்தாள், நிறைகுடத்தோடு, ஒரு பக்கமாகச் சாய்ந்தபடி. வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினேன்.

அவள் கொடுக்கவில்லை.