நடுவில் நின்ற ஊசி

பாத்திரத்தில் தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. நான் செய்துகொண்டிருந்த பெட்டியின் திரையோ 94 என்றது. பக்கத்தில் தொங்கவிட்டிருந்த கண்ணாடி வெப்பமானி நூறை ஒட்டி நின்றது. ஆறு டிகிரி பொய் சொல்லும் ஒரு பெட்டியை என் மனைவியின் கண் முன்னால் கொண்டுபோய் வைக்க முடியாது. அதன் மின்பலகையிலிருந்த சின்னத் திருகாணியை நகத்தளவு திருப்பினேன். 97. இன்னும் ஒரு மயிரிழை. 99.

அவள் தண்ணீர் குடிக்க உள்ளே வந்தாள். தன் பால் பாத்திரத்தில் இரண்டு ஒயர்கள் முங்கிக் கிடப்பதைப் பார்த்தாள். "இனிமே அதுல பால் காய்ச்ச முடியாது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். இது என்ன, எதற்கு என்று கேட்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

எடைமெஷின் பழுதுபார்ப்பது என் தொழில். பொய் சொல்லும் தராசு என் மேஜைக்கு வந்தால் உண்மை பேசிவிட்டுத்தான் வெளியே போகும் என்று கடைக்காரர்களிடம் பெருமையடித்துக்கொள்வேன். என் மனைவி மலைக்கு அந்தப் பக்கம் உள்ள ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். பதினோரு வருடமாக எங்கள் பழைய காரை அவள்தான் ஓட்டிக்கொண்டிருந்தாள். போகும் வழியில் இரண்டு நர்சுகளையும் ஏற்றிக்கொள்வாள். வளைவுகளில் அவள் கியர் மாற்றுவதே தெரியாது. எனக்கு வண்டி ஓட்டத் தெரியும், அவ்வளவுதான். அவளுக்கு அது கைவந்த கலை.

ஐந்து வாரம் முன்பு ஒரு காலையில் கிளம்பும்போது, "பானட் பக்கத்துலேர்ந்து பாகு காய்ச்சுற மாதிரி ஒரு வாசனை வருதுங்க" என்றாள். நான் செருப்பைக்கூடப் போட்டுக்கொள்ளாமல் வாசலில் நின்றபடியே சன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். டாஷ்போர்டில் சூட்டைக் காட்டும் ஊசி நட்ட நடுவில் நின்றது. எல்லாம் உன் நினைப்பு, ஊசி நடுவில்தானே நிற்கிறது, போய்வா என்று சொல்லி அனுப்பினேன். மலையேற்றத்தின் பாதியில் எஞ்சின் கொதித்துப் பொங்கியது. முன் கண்ணாடியை மறைத்துக்கொண்டு ஆவி கிளம்ப, பின்னால் இருந்த நர்சுகள் நெருப்புதான் பிடித்துவிட்டது என்று கதவைத் திறந்து குதித்திருக்கிறார்கள். ஒருத்திக்கு முழங்கை சிராய்ந்துவிட்டது. சாலையோரத்தில் மூன்று மணி நேரம் நின்றுவிட்டு, இழுவை வண்டியில் வீட்டுக்கு வந்து இறங்கிய என் மனைவி என்னைக் குற்றம் சொல்லவில்லை. "ஊசி நடுவுலதான் இருந்துச்சு" என்றாள். அவ்வளவே.

மெக்கானிக் எஞ்சினைப் பிரித்துச் சரிசெய்ய இரண்டு வாரம் எடுத்துக்கொண்டார். எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம் கசிந்ததுதான் அந்தப் பாகு வாசனை என்றார். வண்டியை எடுக்கப் போனபோது ஊசியைப் பற்றிக் கேட்டேன். கையைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

"அதை நம்பாதீங்க சார். இந்த வண்டியில எண்பதுலேர்ந்து நூத்தஞ்சு வரைக்கும் அது நடுவுலயேதான் நிக்கும். அப்படித்தான் செஞ்சு வச்சிருக்காங்க. கொஞ்சம் ஆடினாலும் நீங்க பதறியடிச்சு இங்க ஓடி வந்துருவீங்கல்ல?"

யாரோ காதைப் பிடித்துத் திருகியது போல இருந்தது. ஊரிலுள்ள தராசையெல்லாம் சந்தேகிக்கும் நான், மனைவியின் மூக்கைச் சந்தேகித்துவிட்டு ஒரு ஊசியை நம்பியிருக்கிறேன்.

வண்டி வந்துவிட்டது, அவள் அதைத் தொடவில்லை. இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போனாள். கேட்டால், பஸ்ஸில் தூங்கிக்கொண்டே போகலாம், சுகமாக இருக்கிறது என்றாள். சாவி அலமாரிக் கொக்கியில் அப்படியே தொங்கியது. வாசலில் உறை போர்த்தி நின்ற காரைத் தாண்டிப் போகும்போது மட்டும் அவள் நடை கொஞ்சம் வேகமாகும். அதைப் பார்த்த பிறகுதான் நான் பெட்டி செய்ய உட்கார்ந்தேன்.

உயிர்விட்ட ஒரு தராசிலிருந்து சிவப்பு எண்கள் ஒளிரும் திரையைக் கழற்றினேன். எண்களுக்குப் பக்கத்தில் 'கிலோ' என்று அச்சாகியிருந்தது. சுரண்டிப் பார்த்தேன், போகவில்லை. எஞ்சினிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் மேல் குழாயை வெட்டி, நடுவில் ஒரு இணைப்பைச் செருகி, அதில் சென்சாரைத் திருகினேன். கை நுழைவதற்கு நாலைந்து ஒயர்களைக் கழற்றி விலக்க வேண்டியிருந்தது. முட்டியெல்லாம் கீறல். திரையை ஸ்டியரிங்குக்கு இடப்பக்கம் ஒட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவளைக் கூப்பிட்டேன். சும்மா ஒரு சுற்று, நீ ஓட்டு என்றேன். நீங்களே ஓட்டுங்கள் என்றாள். நான் எண்ணைப் பார்க்க வேண்டும், இரண்டையும் எப்படிச் செய்வது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் உறையின் முனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு தானே அதை உருவி மடித்தாள்.

முதல் ஐந்து நிமிடம் திரை 31-இலேயே நின்றது. திடீரென்று 50, 70, 84 என்று தாவியதும் அவள் கால் ஆக்ஸிலேட்டரிலிருந்து தானாக எழும்பிவிட்டது. எஞ்சின் சூடானதும் உள்ளே ஒரு வால்வு திறக்கும், அப்போதுதான் வெந்நீர் இந்தக் குழாய்க்கு வரும் என்று விளக்கினேன். தலையாட்டினாள். லைசென்சுக்கு ஓட்டிக் காட்டுகிறவளைப் போல இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தாள். நான் வாய்விட்டு எண்களைச் சொல்லிக்கொண்டே வந்தேன். 88. 90.

மலையேற்றம் தொடங்கியதும் செங்கல் லாரி ஒன்று முன்னால் வந்து மாட்டிக்கொண்டது. அதன் பின்னால் ஊர்ந்தோம். 95 வந்தால் ரேடியேட்டர் மின்விசிறி தானே சுழல வேண்டும். காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். லாரியின் உறுமலைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. 97. 99. என் வாய் மூடிக்கொண்டது.

"ஏன் நிறுத்திட்டீங்க? சொல்லுங்க."

"நூத்தி ரெண்டு."

டாஷ்போர்டு ஊசி நட்ட நடுவில் அசையாமல் நின்றது. புது சென்சார், அப்படித்தான் கூடக் குறையக் காட்டும் என்று ஒரு வாக்கியம் தொண்டை வரை வந்துவிட்டது. அன்று வாசலில் நின்று பேசிய அதே குரல்தான் அது. விழுங்கினேன்.

"ஓரமா நிறுத்து" என்றேன். அவள் ஏற்கனவே இண்டிகேட்டரைப் போட்டிருந்தாள்.

எஞ்சினை அணைத்துவிட்டு, மின்சாரம் மட்டும் வரும்படி சாவியைத் திருப்பி வைக்கச் சொன்னேன். பானட்டைத் தூக்கினால் ஆவி இல்லை, எதுவும் பொங்கவும் இல்லை. அனல் மட்டும் முகத்தில் அடித்தது. மின்விசிறி செத்த மாதிரி கிடந்தது. அதன் ஒயரைத் தடவிக்கொண்டே போனேன். ப்ளக் பாதிதான் உள்ளே போயிருந்தது. அதன் மேல் கிரீஸில் ஒரு விரல் ரேகை, அழுத்தமாக. யாருடையது என்று கண்டுபிடிக்கப் போலீஸ் வேண்டியதில்லை. அமுக்கினேன். 'டக்' என்றது. மறுகணம் மின்விசிறி இரைச்சலோடு சுற்றத் தொடங்கியது. நான் சாலையோரக் கைப்பிடிச் சுவரில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

எஞ்சினை ஓடவிட்டு அவளும் இறங்கி வந்தாள்.

"நான்தான்" என்றேன். "சென்சார் மாட்டறப்ப கழட்டினேன். திருப்பி முழுசா அமுக்கல." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு மிச்சத்தையும் சொன்னேன். "அன்னைக்கு வாசனை வருதுன்னு நீ சொன்னியே, அதுவும் என் தப்புதான்."

"தெரியும்" என்றாள்.

லாரி மேலே எங்கோ வளைவில் முனகிக்கொண்டு போனது. அவள் என்னைப் பார்க்கவில்லை; திறந்திருந்த கதவு வழியாகத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உதடு ஓரமாகக் கோணியது.

"அது கிடக்கட்டும். இப்ப எத்தனை கிலோ?"

எட்டிப் பார்த்தேன். "தொண்ணூத்தி எட்டு."

"இளைக்குது" என்றாள். சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன், ஆனால் எனக்குச் சிரிப்போடு கண்ணிலும் ஏதோ வந்துவிட்டது, கிரீஸ் கையால் துடைக்கவும் முடியவில்லை. 96, 95, 93 என்று எண் இறங்க இறங்க, ஐந்து வாரமாக விலாவுக்குள் இறுக்கிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று ஒவ்வொரு சுற்றாகத் தளர்ந்தது.

மறுபடியும் ஏறினோம். 90-ஐச் சொன்னதும், போதும், இனி அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவள் என் வாயை அடைத்துவிட்டாள். மூன்றாவது வளைவில் செங்கல் லாரியைப் பிடித்தாள். ஹாரனை லேசாகத் தட்டிவிட்டு, கியரை இறக்கி, ஒரே மூச்சில் தாண்டிப் போனாள். உச்சியில் வண்டிகள் திரும்புவதற்கு அகலமான இடம் ஒன்று உண்டு. அதோடு திரும்பிவிடுவோம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவள் வேகத்தைக் குறைக்கவில்லை. சன்னல் கண்ணாடியை முழுக்க இறக்கினாள். அந்தப் பக்கத்துப் பள்ளத்தாக்கு மூடுபனி விலகிக் கீழே விரிந்தது. அவள் ஒரு முழங்கையைக் கதவின் மேல் போட்டுக்கொண்டு, ஒரே கையால் ஸ்டியரிங்கை வழுக்கவிட்டபடி முதல் இறக்கத்துக்குள் வண்டியைத் திருப்பினாள். காதோரம் அவிழ்ந்த முடி காற்றில் படபடத்தது.