இரண்டு கிளைக்கும் ஒரே டோக்கன்

நான்கு மணிக்குப் புதுக் கிளையைத் திறந்தாக வேண்டும். கணினியில் உள்ளே நுழையும் பக்கமோ இன்னும் பிழை காட்டிச் சிவப்பாகவே நின்றது. பல் டாக்டரான அக்கா கையுறையை மாட்டிக்கொண்டே தங்கையின் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

“என்னடி, பழைய கிளினிக்ல ஒழுங்கா ஓடுதுல்ல?”

“ஓடுது. அதான் புரியல.”

“உங்க அத்தான் கடையில ரெடிமேடா ஒரு புரோகிராம் பார்த்து வச்சிருக்கார். நாலு மணிக்கு இது ஓடலைன்னா அதைத்தான் போடப் போறோம். அப்புறம் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காத.”

மாலை வகுப்பில் பைத்தான் கணினிமொழி படித்துத் தங்கை தானாக எழுதிய முதல் புரோகிராம் அது. பாஸ்வேர்டு சரியாக இருந்தால் ஒரு டோக்கன் தரும். அதைக் காட்டினால்தான் நோயாளிகளின் விவரம் திறக்கும். தப்பு தன்மேல்தான் என்று நினைத்து வரிவரியாகப் படித்தாள். டோக்கன் பைட்டுகளாக, அதாவது வெறும் எண்களாக வரும், அதை எழுத்தாக மாற்ற வேண்டும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். பிழை அந்த வரியில்தான். டோக்கனைச் செய்துதரும் ஆயத்த நிரலான லைப்ரரியின் பதிப்பைப் பார்த்தாள். பழைய கிளையில் ஒன்றாம் பதிப்பு, இங்கே இரண்டாம் பதிப்பு. புதியது எழுத்தாகவே தந்துவிடுகிறது. உரித்த பழத்தையே மறுபடி உரிக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்!

மாற்றும் வரியை எடுத்தாள், பக்கம் திறந்தது. அந்தச் சந்தோஷத்தில் அதையே பழைய கிளைக்கும் அனுப்பிவைத்தாள். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து ரிசப்ஷனிஸ்ட் போனில் வந்தார்.

“பாப்பா, என்ன பண்ணித் தொலைச்ச? பாஸ்வேர்டை வாங்கிக்கிட்டு வெளிய தள்ளுது. இங்க ரெண்டு பேர் கன்னத்தைப் பிடிச்சிக்கிட்டு உக்காந்திருக்காங்க.”

அங்கே இருப்பது பழைய பதிப்பு என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அங்கே பழம் உரிக்காமலே போயிருக்கிறது.

“அங்கயும் புதுப் பதிப்பைப் போட்டுடேன்” என்றாள் காரணத்தைக் கேட்ட அக்கா.

“எக்ஸ்ரே புரோகிராம் அந்தப் பழசை நம்பித்தான் இருக்கு. கை வச்சா படமே வராது.”

சொல்லி முடிக்கும்போதே வழி தெரிந்துவிட்டது. வந்தது பைட்டா என்று முதலில் கேள். ஆமென்றால் எழுத்தாக மாற்று, இல்லையென்றால் அப்படியே விடு. இரண்டே வரி. தன் மடிக்கணினியில் பழைய பதிப்பைப் போட்டு ஓட்டினாள், புதியதைப் போட்டு ஓட்டினாள். இரண்டிலும் கதவு திறந்தது. இரண்டு கிளைக்கும் அனுப்பினாள்.

போன் மறுபடி அடித்தது. “உள்ள விட்டுடுச்சு பாப்பா. ஒரு கன்னத்தை ஜூனியர் டாக்டர் ரூமுக்கு அனுப்பிட்டேன்.”

அக்கா சிரித்தபடி அத்தானைக் கூப்பிட்டாள். “அந்த ரெடிமேடு வேண்டாங்க. நம்ம வீட்டுச் சரக்கே போதும்.”

வாசலில் முதல் நோயாளி செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். வேறு நாளாயிருந்தால் தங்கை இன்னொரு தடவை சரிபார்த்திருப்பாள். இன்று மடிக்கணினியை மூடிவிட்டு, அவர் உட்கார நாற்காலியைக் காலி செய்துகொடுத்தாள்.