வகுபடாத வள்ளல்

மெத்தைத் தொழிற்சாலையில் ஓரம் தைக்கிறவருக்குக் கிரிக்கெட் அணியில் வள்ளல் என்று பெயர். பந்து வீசப் போனால் எதிரணிக்கு ரன்களை வாரி வழங்கிவிட்டுத்தான் ஓய்வார். பதிலுக்கு ஒரு விக்கெட்கூட வாங்கிக்கொண்டது கிடையாது. அப்படியும், ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் என்றால் சனிக்கிழமையே சட்டைக்கு இஸ்திரி போட்டு மாட்டிவைக்கிற மனுஷன்.

அணித்தலைவன் அவருடைய மைத்துனன், மனைவியின் தம்பி. அதே தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் வேலை. சிபாரிசுத் தொல்லை தாங்காமல் அவன் ஒரு சட்டம் போட்டிருந்தான். கொடுத்த ரன்களை எடுத்த விக்கெட்டால் வகுத்தால் சராசரி. சீசன் முடிவில் யாருடைய சராசரி எல்லாரையும்விட அதிகமோ, அவர் அணியைவிட்டு வெளியே. சொந்தபந்தமெல்லாம் வீட்டோடு சரி.

இறுதி ஆட்டத்துக்கு முதல்நாள், சாப்பாட்டு அறையில் உட்கார்ந்து கால்குலேட்டரைத் தட்டினான். வள்ளல் கொடுத்தது இருநூற்றுப் பதினொன்று, எடுத்தது பூஜ்யம். திரையில் 'பிழை' என்று வந்தது. மறுபடி தட்டினான். மறுபடியும் பிழை.

"பூஜ்யத்தால வகுக்க முடியாது மாமா. உங்களுக்குச் சராசரியே இல்ல."

"இல்லாத ஒண்ணு எப்படி மச்சான் எல்லாரையும்விட அதிகமாகும்?"

மைத்துனன் கால்குலேட்டரைக் கீழே வைத்தான். அவன் போட்ட சட்டம், அவனே மீற முடியுமா? வெளியே போகவேண்டியவர், சராசரி முப்பத்தெட்டு வைத்திருந்த, பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பேக்கிங்காரர் என்று ஆயிற்று. அவர் சோற்றைப் பாதியில் மூடிவைத்தார்.

"ஆனா மாமா, தப்பித்தவறி ஒரு விக்கெட் எடுத்துடாதீங்க. எடுத்தா இருநூத்துச் சொச்சம், நீங்கதான் வெளிய."

"பிறந்ததிலேருந்து எடுக்காதவன், நாளைக்கா எடுக்கப்போறேன்?"

நேரத்தைப் பாருங்கள். இறுதி ஆட்டத்தின் கடைசி ஓவர். எதிரணிக்கு வேண்டியது இரண்டு ரன், கையில் இருப்பது ஒரே விக்கெட். மற்றவர்களின் ஓவர்களெல்லாம் தீர்ந்துபோய், அதுவரை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த வள்ளல் கைக்குப் பந்து வந்தது. முதல் பந்தையே ஓங்கி ஒரு அடி. வானத்துக்குப் போன பந்து, உலகத்தில் வேறு இடமே இல்லாததுபோல் நேராக அவர் தலைக்கு மேலேயே இறங்கியது.

விட்டால் அணி தோற்கும், அவர் பிழைப்பார். பிடித்தால் கோப்பை, அவருக்குக் கல்தா. மனசு 'விடு, விடு' என்று அடித்துக்கொண்டது. கை அதன் பேச்சைக் கேட்கவில்லை.

மைதானமே கூச்சல். எல்லாருக்கும் முந்தி ஓடிவந்து, மனப்பூர்வமாகக் கட்டிப்பிடித்தவர் பேக்கிங்காரர்தான். மைத்துனன் கால்குலேட்டரும் கையுமாகத் தயங்கித் தயங்கி வந்தான்.

"இருநூத்துப் பதினொண்ணு மாமா. அடுத்த சீசன் உங்க பேரு இல்ல."

"எங்க, காட்டு."

வள்ளல் எட்டிப் பார்த்தார். பிழை என்று வரவில்லை. எண் அசையாமல் நின்றது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது, ஆனால் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அணைச்சிடாத மச்சான். அப்படியே கொண்டுபோய் உங்க அக்காகிட்ட காட்டிட்டு வந்துடறேன்."